குட்டிகளை எடுக்கும் முன் தாய்ப்பூனையைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புறம் பழைய பெட்டிகளுக்கு நடுவே மூன்று பூனைக்குட்டிகள் கிடக்கின்றன. கண் இப்போதுதான் திறந்திருக்கிறது. தாயைக் காணவில்லை. சில வாரங்கள் வளர்த்து நல்ல வீடுகளில் கொடுக்க நினைக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை உண்டு. என்ன செய்ய வேண்டும்? இப்படி வளர்த்துக் கொடுத்தால் தெருப்பூனைகள் உண்மையிலேயே குறையுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வளர்த்துக் கொடுப்பதால் மட்டும் குறையாது. நீங்கள் இரவில் கண்விழித்துப் பால் புகட்டும் அதே நாட்களில் தாய் மறுபடி சினையாகியிருக்கக்கூடும். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான். பால் கொடுக்கும் காலத்திலேயே அடுத்த ஈற்றுக்கும் தயாராகிவிடக்கூடியது அது. ஆகவே உங்கள் கணக்கில் நான்கு பூனைகள் இருக்க வேண்டும்.

அந்த நான்காவது, அதாவது தாய், பெரும்பாலும் இரை தேடிப் போயிருக்கும். அல்லது எங்கோ பதுங்கியிருந்து, நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கினால் தாய் வந்துபோகிறது என்று பொருள். சுற்றிலும் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டு விலகுங்கள். சில மணி நேரம் கழித்துக் காலடித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குட்டிகள் சில்லிட்டுப் போய், ஓயாமல் கத்தினாலோ, மழை, நாய் போன்ற ஆபத்து அருகில் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். தாய் வந்துவிட்டால் அதையும் சேர்த்து ஓர் அறையில் வைத்துக்கொள்வதே சிறந்தது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாய் வரவே இல்லையென்றால் வேலை உங்களுடையது. கண் திறப்பது பிறந்த 7 முதல் 14 நாட்களுக்குள். இந்த வயதில் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால் முதலில் சூடு, பிறகுதான் பால். சில்லிட்ட குட்டிக்குச் செரிமானம் நடக்காது. புகட்டிய பால் உள்ளே கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். இரக்கப்பட்டு அவசரமாகப் பால் கொடுத்துக் குட்டியை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும்.

பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புற இருக்கட்டும். பீய்ச்சாதீர்கள், அதுவாக உறிஞ்சட்டும். ஒவ்வொரு முறையும் ஈரமான வெதுவெதுப்பான துணியால் அடிப்புறத்தைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும். மூன்று வாரம் வரை இதைத் தாய் நாக்கால் செய்யும், இனி நீங்கள்.

பாலூட்டும் பாட்டிலைவிட முக்கியமான கருவி சமையலறைத் தராசு. நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். எடை குறைந்தால், குட்டி சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் வீட்டுப் பூனையைக் குறைந்தது இரண்டு வாரம் இவற்றிடம் அண்டவிடாதீர்கள். பூனைகளைத் தாக்கும் பார்வோ வகைக் கிருமி உடையிலும் கையிலும்கூடத் தொற்றிக்கொண்டு வரும். வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். குட்டிகளின் தெள்ளுப்பூச்சிகளைச் சீப்பால் வாரி எடுங்கள். நாய்களுக்குப் பூச்சி ஒழிக்கப் போடும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு.

நான்கு வாரமளவில் குழைந்த உணவைத் தொடங்கலாம். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டி பிறகு எளிதில் பழகாது. கையில் எடுத்துக் கொஞ்சுவதும் இங்கே கடமைதான்! தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும்.

கொடுக்கும் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். கருத்தடை முடிந்த பிறகே குட்டியைக் கையில் கொடுங்கள். இரண்டு மாத வயதும் ஒரு கிலோ எடையும் இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம். "வளர்ந்ததும் நாங்களே செய்துகொள்கிறோம்" என்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெண்குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகலாம். நல்லவர்களுக்கு அது தெரிவதற்குள் வயிறு தெரிந்துவிடும்.

இனி தாய். அது குட்டிகளோடு இருந்தால், அவை பால் மறந்த பிறகு கருத்தடை செய்யலாம். குட்டிகள் இல்லாமல் வெளியே திரிந்தால் தாமதிக்காதீர்கள். பிடித்து, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சற்று வெட்டிவிடுவார்கள். அடுத்த முறை யாரும் அதை வீணாகப் பிடிக்காமலிருக்க அதுவே அடையாளம். பிடிப்பதற்கு முன் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். வேறு பூனைகளும் வரக்கூடும். காது வெட்டப்படாதவை எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பொறிக்கூண்டு வைக்கும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் தட்டு காலியாக இருக்கட்டும். பசியில்லாத பூனை கூண்டுக்குள் காலெடுத்து வைக்காது.