கல்லறையில் வராத அழுகை

அன்புள்ள ஐயா,

நான் இறையியல் மூன்றாம் ஆண்டு மாணவன். படிப்பின் ஒரு பகுதியாக எருசலேமுக்குப் போயிருந்தோம். குழுவுக்கு ஓய்வு கொடுத்த நாளில், பேருந்தும் வழிகாட்டியும் வேண்டாமென்று தமஸ்கு வாசலிலிருந்து தனியாக நடக்க ஆரம்பித்தேன். பெதஸ்தா குளம், சிலுவைப்பாதை, பரிசுத்த கல்லறை ஆலயம், அப்புறம் குப்பைமேட்டு வாசல் வழியாக இறங்கி எசேக்கியாவின் சுரங்கம், சீலோவாம், கீதரோன் பள்ளத்தாக்கு, கெத்செமனே. சாயங்காலம் ஒலிவமலை உச்சிக்கு வந்தபோது இரண்டு காலிலும் கொப்புளம்.

கல்லறையைப் பார்க்க இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே அரை நிமிடம். பளிங்கைத் தொட்டேன், வெளியே வந்துவிட்டேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தில், முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது என்னை அறியாமல் அழுதுவிட்டேன். கர்த்தரின் கல்லறையில் வராத அழுகை ஒரு வாய்க்காலில் ஏன் வர வேண்டும்? இது விசுவாசக் குறைவா? நண்பர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சுரங்கத்தில் நானும் நடந்திருக்கிறேன். பாதி வழியில் கைவிளக்கு அணைந்துவிட்டது. முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். அப்போதுதான் விரலில் தட்டுப்பட்டது: சாய்வாக, வரிவரியாக, உளி விழுந்த தடம். விளக்கு இருந்தவரை அதை நான் கவனிக்கவே இல்லை.

533 மீட்டர் அது. கீகோன் ஊற்றையும் சீலோவாம் குளத்தையும் நேர்கோட்டில் இணைத்திருந்தால் ஏறக்குறைய 320 மீட்டரில் முடிந்திருக்கும். ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தான். அதற்கு முன்பே, ஊருக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றைப் பகைவன் கையில் விடாமல் நகரத்துக்குள் திருப்பிவிட யூதாவின் ராஜா எசேக்கியா செய்த ஏற்பாடு இது. வேதத்தில் இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தில் 'ஒரு குளத்தையும் சாலகத்தையும்' என்று அரை வரியில் முடிந்துவிடுகிறது. சாலகம் என்றால் நீர் ஓடும் வாய்க்கால்; சின்ன வயதில் நான் ஏதோ ஜன்னல் என்று நினைத்திருந்தேன். நடந்து பார்த்த பிறகுதான் அந்த அரை வரிக்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று தெரிந்தது.

இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் எதிரெதிராகப் பாறையை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுமாறுகிறது. அடுத்தவன் எங்கே என்று தேடியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உளித் தடத்தின் சாய்வே திசை மாறிவிடும். முழு நீளத்துக்கும் தரைமட்ட வித்தியாசம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். நம் ஊர்க் கொத்தனார் ஒரு மொட்டை மாடிக்கு வாட்டம் பிடிப்பதற்குள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1880-ல், சீலோவாம் பக்கத்து வாசலுக்குச் சற்று உள்ளே, தண்ணீரில் விளையாடப் போன ஒரு பையன் கண்ணில் சுவரில் வெட்டிய எழுத்து பட்டது. பழைய எபிரெய எழுத்தில் ஆறு வரி. இன்னும் மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, வெட்டுகிறவர்கள் கோடரிக்கு எதிராகக் கோடரியாக வெட்டிச் சந்தித்தார்கள், தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்கிறது. இப்போது கிடைத்திருக்கிற வரிகளில் ராஜாவின் பெயர் இல்லை. கர்த்தரின் பெயரும் இல்லை. இருப்பது அந்தக் குரல் மட்டும். அன்று அது துருக்கியர் ஆட்சி என்பதால், வெட்டி எடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரங்கத்தில் இருப்பது நகல்.

நீங்கள் அழுத இடத்தில் உங்களுக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவே எதுவும் இல்லை. கல்லறையில் நிறைய இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைச் சுற்றி ஆலயம் எழுப்பினார். 1009-ல் கலீபா அல் ஹாக்கிம் இடிக்கச் சொன்னார்; பாறைக் கல்லறையில் பெரும்பகுதி அப்போதே போயிற்று. 1808-ல் தீ. நீங்கள் நுழைந்த சிறு கட்டடம் 1810-ல் கட்டியது. நீங்கள் தொட்ட பளிங்குப் பலகையை 2016 அக்டோபரில் பழுதுபார்க்கத்தான் பல நூற்றாண்டுக்குப் பிறகு நகர்த்தினார்கள். ஆளுக்கு ஒரு பிடி அன்பாக ஆயிரத்து எழுநூறு வருடம் போர்த்திய இடம் அது. போர்வைதான் உங்கள் கைக்குக் கிடைத்தது. அரை நிமிடத்தில் அதற்கு மேல் யாருக்கும் கிடைக்காது.

சிலுவைப்பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது இடைக்காலப் பக்தர்கள் வகுத்த வழி. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து தங்கியிருந்தது ஏரோதின் அரண்மனை என்றே பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது யோப்பா வாசல் பக்கம், அதாவது அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்கு நகரத்தின் மறுகோடி. சரி, அதனால் அங்கே ஜெபித்தவர்களின் ஜெபம் வீணா? அப்படி நான் நினைக்கவில்லை.

பெதஸ்தா வேறு மாதிரி. 'அதற்கு ஐந்து மண்டபங்களுண்டு' என்று யோவான் எழுதியதை வெறும் அடையாள எண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தோண்டியபோது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளம், நடுவே ஒரு தடுப்புச் சுவர். சுற்றி நாலு, நடுவில் ஒன்று என்று கணக்கு பொருந்திவிட்டது. சீலோவாமும் அப்படித்தான். 2004-ல் சாக்கடைக் குழாய் வேலைக்காகத் தோண்டும்போது அகலமான படிகள் வெளிப்பட்டன. ஐந்து ஐந்து படியாக, நடுநடுவே நின்று குளிக்க மேடை. தெப்பக்குளத்தில் இறங்கி வளர்ந்த காலுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆலயத்திலிருந்து அந்தக் குளம் வரை அரை கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான இறக்கம். கண்ணில் சேறு பூசப்பட்ட குருடன் ஒருவனை இயேசு 'கழுவு' என்று அனுப்பியது எந்த மாதிரி வழியில் என்பதை உங்கள் முழங்கால் உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு குறை. அந்தச் சுரங்கத்துக்கு மேலே சில்வான் என்ற ஊர் இருக்கிறது. பாலஸ்தீனக் குடும்பங்கள் வாழும் இடம். தங்கள் வீடுகளுக்கு அடியில் தோண்டுவதால் சுவரில் விரிசல் விழுகிறது என்று அவர்கள் வருடக்கணக்காகப் புகார் சொல்கிறார்கள். அந்தத் தெரு வழியாகத்தான் நீங்களும் நடந்திருப்பீர்கள். கொப்புளத்துக்கு ஒரு வரி கொடுத்த நீங்கள் அவர்களுக்கும் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

கெத்செமனேயில் நின்றபோது மேலே பார்த்தீர்களா? அங்கிருந்து ஏறினால் அரை மணியில் முகடு. அதற்கு அப்பால் யூதேயா வனாந்தரம். ராத்திரியில் இயேசுவைப் பிடிக்கப் பந்தங்களோடு வருகிறவர்களைப் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவிலேயே அவர் பார்த்திருக்க முடியும். தப்பிக்க நேரம் இருந்தது. வரைபடத்தைப் பார்த்து இது எனக்குப் புரிந்ததில்லை, மூச்சிரைக்க ஏறியபோதுதான் புரிந்தது. அதே வழியில் தப்பித்தவர் தாவீது. தன் மகன் அப்சலோமுக்கு அஞ்சி, கீதரோனைக் கடந்து, வெறுங்காலோடு அழுதுகொண்டே இந்த மலையில்தான் ஏறினார். அழுததற்காக அவரை யாரும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

மறுபடி போக வாய்த்தால் ஒன்று செய்யுங்கள். கல்லறை வரிசையில் நிற்காமல் அந்தச் சிறு கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிப் போங்கள். சீரியர்களின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது, புகையேறிக் கறுத்திருக்கும். அதன் ஓரத்தில் தாழ்வான ஒரு திறப்பு. உள்ளே பாறையில் குடைந்த முதல் நூற்றாண்டுப் பிணக்குழிகள். யூதர்கள் மதிலுக்குள் அடக்கம் செய்வதில்லை, ஆகவே அன்று இந்த இடம் ஊருக்கு வெளியேதான் இருந்தது என்பதற்கு அந்தக் குழிகளே சாட்சி. பளிங்கு கிடையாது, பெரும்பாலும் வரிசையும் இருக்காது. தலை இடிக்கும், குனிந்து போங்கள். கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.