கட்டாந்தரையில் சாண்ட் வெட்ஜ் துள்ளுதா?

அண்ணே, மதுரையில காய்ஞ்ச கோல்ஃப் மைதானத்துல சிப் (கிட்டத்துல இருந்து பந்தைத் தாழ்வா தட்டி விடுறது) பழகும்போது, 56 டிகிரி முகச்சாய்வு இருக்கிற சாண்ட் வெட்ஜ், அதாவது மணல்ல அடிக்கிற மட்டை, பந்தோட நடுவுல பட்டு, பந்து தரையோட சீறிட்டுப் போகுதுன்னு கேட்டிருக்கீங்க. தப்பு பெரும்பாலும் உங்க கையில இல்ல, கிளப்புலதான் (மட்டையிலதான்). மணலுக்காகவே அதோட அடிப்பாகம் புடைச்சிருக்கும். அந்தப் புடைப்போட கோணம்தான் பவுன்ஸ், பொதுவா 10 முதல் 14 டிகிரி. இறுகின செம்மண்ல அது துள்ளி எழும்பும், முன்விளிம்பு நேரா பந்தோட இடுப்புல இடிக்கும்.

நடுவுல மணல்குழி இல்லன்னா, முகம் கம்மியா சாஞ்ச 8 அயர்ன் மட்டையை எடுங்க. பந்து கிரீனுக்குள்ள (குழியைச் சுத்தி புல்லை ஒட்ட வெட்டின இடம்) ஒரு கெஜம் தள்ளி விழட்டும், மிச்சத்தை உருளவிடுங்க. சமமான கிரீன்ல தோராயமா ஒரு பங்கு பறந்தா 8 அயர்ன் நாலு பங்கு உருளும், 9 அயர்ன் மூணு, பிட்சிங் வெட்ஜ் ரெண்டு, சாண்ட் வெட்ஜ் ஒண்ணு. பந்து போய்ச் சேர வேண்டிய குழி 15 கெஜ தூரத்துல இருக்கு, பந்து 3 கெஜத்துல விழணும்னா 8 அயர்ன். 5 கெஜத்துல விழணும்னா பிட்சிங் வெட்ஜ்.

வலக்கைக்காரர்னா பந்து வலது கால் பக்கம், எடை முக்கால்வாசி இடது கால்ல. மணிக்கட்டை மடக்காம தோளால ஆட்டுங்க. மடக்கினா மறுபடி அதே சீறல்தான்.

அந்த 56-ஐ வித்துடாதீங்க. கொடைக்கானல்ல மழை பெஞ்ச புல்லுல, கிளப் மண்ணுக்குள்ள புதையாமக் காப்பாத்துறது அதே பவுன்ஸ்தான்.