போஸ்ட்டாக் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடைசித் தேதியை

"பிஎச்டி முடித்துவிட்டேன், ஜெர்மனியில் போஸ்ட்டாக் கிடைத்திருக்கிறது. தனிமை, குளிர் தவிர வேறென்ன சிரமம் வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிருக்கு நல்ல ஜாக்கெட் போதும். போஸ்ட்டாக் என்பதே பிஎச்டிக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வு வேலை. அங்கே எனக்குக் கொடுத்ததுபோல உங்களுக்கும் ஒரு வருட ஒப்பந்தம்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கே தங்க அனுமதிக்கும் குடியிருப்பு அட்டையும் அந்தத் தேதியை ஒட்டித்தான் முடியும்.

என் ஒப்பந்தத்தின் நீட்டிப்புக்குப் பணம் வந்துவிடும், வந்துவிடும் என்றே என் பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். புது ஒப்பந்தம் கைக்கு வந்தபோது பழையது முடிய 19 நாள். அன்றே அட்டையை நீட்டிக்க விண்ணப்பித்தேன். தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. அட்டை காலாவதியான பத்தாம் நாள் ஊரில் ஆயா இறந்துபோனார். நேரத்துக்கு விண்ணப்பித்துவிட்டால் அங்கே தங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் வெளியே போய்த் திரும்ப ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்றொரு இடைக்காலச் சான்று வேண்டும். அதிலும் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81(4) என்ற கட்டத்தில் குறி இருக்க வேண்டும். 81(3) என்றால் திரும்பி வர முடியாது. என்னிடம் எந்தத் தாளுமே இல்லை. சித்தி மகன் வாட்ஸப்பில் காட்டிய வீடியோவில் பாதி நேரம் பந்தலின் தகரம்தான் தெரிந்தது. லேபில் என் பக்கத்தில் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"முன்கூட்டியே விண்ணப்பித்திருக்கலாமே" என்று யாராவது வருவீர்கள். ஒப்பந்தமே இல்லாமல் எதை வைத்து விண்ணப்பிப்பது? ஜெர்மனியைத் திட்டவும் இல்லை. அங்கே கேட்ட கெமிக்கல் மறுநாள் மேசைக்கு வந்துவிடும்.

2007-ல் அங்கே வந்த சட்டப்படி, ஆய்வாளர்களை பிஎச்டிக்குப் பின் ஆறு ஆண்டு (மருத்துவத்தில் ஒன்பது) இப்படித் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். இதை விளக்க ஜெர்மன் கல்வி, ஆய்வு அமைச்சகம் ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளரை வைத்து ஒரு வீடியோ போட்டது. ஒரே தலைமுறை எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளக் கூடாதாம். 2021-ல் அங்குள்ள ஆய்வாளர்களே ‘நான்தான் ஹன்னா’ என்று ட்விட்டரில் பொங்கினார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் என் அம்மாவிடம் "வேலை பர்மனென்ட்டா?" என்று கேட்டார்கள். பையனுக்குச் சென்னையில் ஐடி வேலை, மூன்று மாத நோட்டீஸில் அனுப்பிவிடலாம். அதை யாரும் கேட்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். இ13 என்ற சம்பள நிலையில் வேலை ஒப்பந்தமா, வெறும் உதவித்தொகையான ஸ்டைபெண்டா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டைபெண்ட் என்றால் வேலையின்மைக் காப்பீட்டிலும் சேராது, ஓய்வூதியத்திலும் சேராது. ஒப்பந்தம் என்றால் அது முடிய மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பேராசிரியரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் குழுவின் செகரட்டரியிடம் கேளுங்கள். எங்கள் லேபில் அந்த அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும்.