புரோட்டீன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – டயட்டீஷியன் பதில்

சென்ற இதழில் "சைவக்காரர்கள் புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?" என்று ஒருவர் கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் எழுதித் தப்பித்துக்கொண்டேன். விடுவீர்களா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஒரு வாசகர் தன் டப்பாவின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அவருக்குத் தனியாக நன்றி, ஏன் என்று கீழே தெரியும். இன்னொன்று, பலர் "டாக்டர் அம்மா" என்று எழுதுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. 27 வருஷம் ஆஸ்பத்திரி வார்டுக்கும் அதன் சமையல்கட்டுக்கும் நடுவே நடந்த டயட்டீஷியன்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது, எடை 62 கிலோ. சென்னையில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறான். ஜிம்மில் மாஸ்டர் ஒரு 2 கிலோ டப்பாவை 5,500 ரூபாய்க்குக் கொடுத்து, தினம் மூன்று ஸ்கூப் குடிக்கச் சொன்னாராம். பில் கிடையாது. நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம். அதில் என்ன கலந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்கு வருவோம் அம்மா. ஜிம்மில் கொடுப்பது பெரும்பாலும் வே புரோட்டீன். பேர்தான் புதுசு. வீட்டில் பாலைத் திரித்துப் பன்னீர் எடுத்திருப்பீர்கள், துணியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர் வடியுமே, அதில் இருக்கும் புரதம்தான் அது. பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின், அது பன்னீராக நின்றுவிடுகிறது. மீதி 20 சதவீதம் வே புரதம், சீஸ் செய்யும்போது அது அந்தத் தண்ணீரோடு போகிறது. சீஸ் ஆலைகளில் அந்தத் தண்ணீரை வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். ஆகவே, பால் குடிக்கிற சைவருக்கு வே ஆகாத பொருள் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சீஸ் செய்யப் பாலை உறைய வைப்பதற்கு ரென்னட் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள், ஆனாலும் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால் டப்பாவில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். இரண்டும் இல்லையென்றால் அந்த டப்பா வீட்டுக்கே வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கானாலும் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். பில் தராதவர் கையில் வாங்குவதில் இருக்கும் ஆபத்து பச்சைப் புள்ளியைவிடப் பெரிது. போலிச் சரக்கு இந்தப் பாதையில்தான் வருகிறது.

அடுத்து, அவனுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்ன கணக்குப்படி, சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்கள் மகனுக்கு 51 கிராம் சொச்சம் வருகிறது. பளு தூக்கி உடம்பை ஏற்றுகிறவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் 1.4 கிராமிலிருந்து சொல்கிறார்கள், அப்படிப் பார்த்தால் 87 கிராம். இனி பி.ஜி. சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். காலை நாலு இட்லி, சாம்பார்: 11 கிராம். மதியம் சோறு, தண்ணீர்ச் சாம்பார், ஒரு கரண்டி பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: 16. இரண்டு டீ: 3. ராத்திரி மூன்று சப்பாத்தியும் குருமாவும்: 12. ஆக 42. சாம்பார் கரண்டியில் பருப்பு எத்தனை வந்து விழுகிறது என்பது அந்தப் பி.ஜி. சமையல் மாஸ்டருக்கே வெளிச்சம், நான் தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன்.

45 கிராம் இடிக்கிறது இல்லையா? அரை லிட்டர் பால் 16 கிராம் தரும். இரண்டு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அதாவது 50 கிராம், 12 தரும். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் இன்னும் 8. பாக்கி நிற்பது 9 கிராம். ஒரு ஸ்கூப்பில் இருப்பதே 24. மூன்று ஸ்கூப் எதற்கு? ஜிம் மாஸ்டருக்கு டப்பா சீக்கிரம் தீர வேண்டும், அவ்வளவுதான்.

2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. நான் அவ்வளவு கறார் இல்லை. சமையல்கட்டே இல்லாத அறையில் இருக்கும் பையன், ஜிம்மிலிருந்து வந்ததும் ஒரு ஸ்கூப் கலந்து குடித்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் ஒன்றுதான், அதுவும் சமமாகத் தட்டிய ஒன்று. என் தங்கை மகனின் டப்பாவில் ஸ்கூப் 33 கிராம் என்று போட்டிருந்தது. அவன் அள்ளியதை அப்படியே என் சமையல்கட்டுத் தராசில் கொட்டினேன். 44 காட்டியது. "கோபுரமா இருந்தாத்தான் சித்தி எஃபெக்டு" என்றான்!

டப்பாவைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு கட்டம் இருக்கும். "ஒரு ஸ்கூப்பில் 24 கிராம்" என்பதைப் பார்க்காதீர்கள், "100 கிராமில்" என்ற வரியைப் பாருங்கள். போட்டோ அனுப்பிய வாசகரின் டப்பாவில் முன்பக்கம் பெரிய எழுத்தில் 24 கிராம். பின்பக்கம் பார்த்தால் ஸ்கூப்பே 40 கிராம்! அதாவது 60 சதவீதம்தான் புரதம். நல்ல வே கான்சென்ட்ரேட் (ஓரளவு வடிகட்டியது) 75-லிருந்து 80 சதவீதம் காட்டும், ஐசோலேட் (இன்னும் நன்றாக வடிகட்டியது) 90-ஐத் தொடும். அவருடைய டப்பாவின் சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று இரண்டு அமினோ அமிலங்களின் பெயர் தனியாக இருந்தன. சோதனைக்கூடத்தில் புரதத்தை நேராக எடை போடுவதில்லை, நைட்ரஜனை அளந்து பெருக்கிச் சொல்கிறார்கள். கிளைசினிலும் டாரினிலும் நைட்ரஜன் இருக்கிறது, விலையும் மலிவு. சேர்த்துவிட்டால் காகிதத்தில் புரதம் ஏறும், உடம்பில் ஏறாது. மிளகாய்த்தூளில் செங்கல்பொடி கலக்கிற வேலையின் தூரத்துச் சொந்தம்.

கேள்வி: எனக்கு 58 வயது, எடை 55 கிலோ. தினமும் காலையில் தைராய்டு மாத்திரை. பால் குடித்தால் வயிறு உப்பும். கணவருக்கு 64, சர்க்கரை உண்டு, போன மாதம் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. மெடிக்கல் ஷாப்காரர் இருவருக்கும் சேர்த்து ஒரே டப்பா கொடுத்தார். சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கணவரின் டம்ளரை முதலில் கீழே வையுங்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ரத்தத்தில் கூடியிருக்கிறதென்றால், எத்தனை கிராம் புரதம் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்லக் கூடாது, மெடிக்கல் ஷாப்காரரும் சொல்லக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம், கடையில் வாங்கும் சில டப்பாக்களில் 100 கிராமுக்குப் புரதம் 30, 35-தான். மீதி எடைக்குச் சர்க்கரையும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும். மாவுச்சத்திலிருந்து செய்யும் இந்த மால்ட்டோடெக்ஸ்ட்ரின் நாக்குக்கு இனிக்காது, ரத்தச் சர்க்கரையை மட்டும் விறுவிறுவென்று ஏற்றும்.

உங்களுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் போதும். தயிரும் மோரும் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பால் சேராத பலருக்குத் தயிர் சேரும், ஏனென்றால் உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடுகிறது. பவுடர்தான் வேண்டுமென்றால் ஐசோலேட்டில் லாக்டோஸ் என்கிற அந்தப் பால் சர்க்கரை மிகக் குறைவு. சோயாப் பவுடர் வாங்கினால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள், மாத்திரை உடம்பில் சேர்வதை சோயா தடுக்கும். கால்சியம், இரும்பு சேர்த்த பவுடர்களுக்கும் இதே விதிதான்.

பவுடரே கூடாது என்பது என் கட்சி இல்லை. என் அம்மா 81 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வந்தபோது, அரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை. 60 கிராம் புரதம் கொடுக்க வேண்டிய இடத்தில் 20-ஐத் தாண்ட முடியவில்லை. ஊருக்கெல்லாம் பருப்புசிலி உபதேசம் செய்தவள், அன்று சாயங்காலமே போய் வாசனை, இனிப்பு எதுவும் சேராத வே வாங்கி வந்தேன். வெனிலா வாசனை அடித்தால் அம்மா துப்பிவிடுவார். குழைத்த தயிர்சாதத்தில் அரை ஸ்கூப், பெருங்காயம் போட்ட மோரில் அரை ஸ்கூப். ஒன்றரை மாதம் ஓடியது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது, "உன் மோர் ஏன்டி கெட்டியா இருக்கு?" என்று மட்டும் கேட்பார்.

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டு வருடமாகப் பாலும் விட்டுவிட்டேன். பட்டாணிப் புரோட்டீன் வாங்கினேன், சுண்ணாம்பைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருக்கிறது. அரிசிப் புரோட்டீன் மேலா, சோயாவா? ஆண்கள் சோயா சாப்பிடக் கூடாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வழக்கமாகச் சாப்பிடும் அளவில் சோயா ஆண்களின் ஹார்மோனைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தைரியமாகச் சாப்பிடுங்கள். தரத்தில் பாலோடு தோளுரசி நிற்கிற தாவரப் புரதம் அது.

புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களில், பட்டாணியில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியில் நேர்மாறாக. இரண்டையும் கலந்த பவுடர் வாங்கினால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். அரிசியையும் உளுந்தையும் சேர்த்து ஆட்டி வைத்த நம் பாட்டிமார்களுக்கு லைசின் பெயர் தெரியாது, கணக்கு தெரிந்திருக்கிறது. வெறும் அரிசிப் புரோட்டீனை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நெல், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஆர்செனிக்கை மற்ற தானியங்களைவிட அதிகம் இழுக்கும். ஆர்செனிக் போன்ற கன உலோகங்களுக்கான சோதனை முடிவை வெளியிடும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.

சுண்ணாம்பு ருசிக்கு ஒரு வழி, குடிக்காதீர்கள். வாசனை சேராத பட்டாணிப் பவுடரை இரண்டு ஸ்பூன் அடை மாவில் கலந்து, காரமும் கறிவேப்பிலையும் தூக்கலாகப் போட்டு வார்த்துப் பாருங்கள். பட்டாணிப் பவுடரில் சோடியம் கொஞ்சம் இருக்கும், மாவுக்கு உப்பைக் குறையுங்கள். வார்ப்பதால் புரதம் ஆவியாகிவிடாது. பால் கலக்காத சரக்கா என்று பார்க்க, பச்சை 'வி' எழுத்தும் இலையும் போட்ட முத்திரையைத் தேடுங்கள். பச்சைப் புள்ளி மட்டும் போதாது, அது பாலுக்கும் உண்டு. பி12-ஐ எந்தப் பட்டாணியும் தராது. ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை போடுங்கள்.

கேள்வி: கொதிக்கிற பாலில் பவுடரைப் போட்டால் திரிதிரியாகிறதே, கெட்டுப்போனதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கெடவில்லை, முட்டை வெள்ளைக்கரு சூட்டில் இறுகுகிற மாதிரி வே புரதமும் இறுகுகிறது. சத்து போகாது, குடிக்கத்தான் பிடிக்காது. ஆறிய பாலில் முதலில் கரைத்துவிட்டு, பிறகு இளஞ்சூடு செய்யுங்கள்.

கேள்வி: முகம் பளபளக்க கொலாஜன் பவுடர் சைவத்தில் கிடைக்குமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: கொலாஜன் மாட்டுத் தோல், மீன் தோல், பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. "சைவக் கொலாஜன்" என்று விற்பதில் பெரும்பாலும் வைட்டமின் சி-யும் சில அமினோ அமிலங்களும்தான். நெல்லிக்காய் வாங்கிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் இதே பகுதியில் "சத்துமாவே போதும், பவுடர் எதற்கு?" என்று எழுதினீர்கள். சத்துமாவில் அவ்வளவு புரதமா இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிடித்துவிட்டீர்கள். அன்று அவசரத்தில் எழுதியது அது. கேழ்வரகு, கம்பு, கோதுமை, பார்லி என்று தானியமாகச் சேர்த்து அரைக்கும் சத்துமாவில் 100 கிராமுக்கு 10, 11 கிராம்தான் புரதம். பிள்ளைகளுக்கு நல்ல கஞ்சி, புரோட்டீன் பவுடருக்கு மாற்று இல்லை.

மாற்றாக வேண்டுமென்றால் தானியத்தை விட்டுவிடுங்கள். 100 கிராம் பொட்டுக்கடலை, 50 கிராம் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். இந்த 200 கிராமில் புரதம் 50 கிராம், நாலில் ஒரு பங்கு. இரண்டு ஸ்பூன் கோபுரமாக, அதாவது 30 கிராம், ஒரு டம்ளர் பாலில் போட்டால் மொத்தம் 14 கிராம் வந்துவிடும். விலையையும் சொல்கிறேன். கும்பகோணம் அம்மாவின் மகன் வாங்கிய டப்பா நிஜமாகவே 80 சதவீதம் இருந்தால்கூடப் புரதம் கிராமுக்கு மூன்றரை ரூபாய். எங்கள் தெருக்கடையில் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிய பொட்டுக்கடலையில் 60 பைசாகூட ஆகவில்லை. மீல் மேக்கர் அதைவிட மலிவு, 100 கிராமில் 52 கிராம் புரதம் என்பது அதன் தனிச்சிறப்பு.

அரைக்கும்போது மட்டும் கவனம். வேர்க்கடலையைத் தனியாக மிக்ஸியில் போட்டு ஓட விட்டால் எண்ணெய் விட்டுக்கொண்டு பிளேடில் அப்பிக்கொள்ளும். பொட்டுக்கடலையை முதலில் நைசாகப் பொடித்து, அதோடு வேர்க்கடலையைச் சேர்த்து விட்டுவிட்டு ஓட்டுங்கள். பால் பவுடரைக் கடைசியில் கையால் கலந்தால் போதும். 15 நாளைக்கு ஆகிற அளவு மட்டும் அரையுங்கள், அதற்கு மேல் வைத்தால் வேர்க்கடலை சிக்குவாடை அடிக்கும்.