ஒரே கோப்பைக்கு இரண்டு விலை: கேள்வி பதில்

சார், விற்கிறவர் கூட்டித்தான் சொல்வார், வாங்குகிறவர் குறைத்துத்தான் கேட்பார். சந்தைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இதை ஆராய என்ன இருக்கிறது?

பேரத்தில் நடப்பது நீங்கள் சொல்கிறபடிதான். ஆனால் ஒரு பொருள் கைக்கு வந்ததுமே அதற்கு நாம் கூடுதல் விலை வைக்கும் ‘உடைமை விளைவு’ பற்றிய சோதனைகளில் கூட்டிச் சொல்லி லாபம் பார்க்க வழியே கிடையாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு அது.

வகுப்பில் 44 மாணவர்கள். ஒருவர் விட்டு ஒருவராக 22 பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள். அங்குள்ள கடையில் அதன் விலை 6 டாலர். கிடைக்காதவர்களும் பக்கத்தில் இருப்பவரின் கோப்பையை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு எல்லோருக்கும் ஒரு படிவம். ஒவ்வொரு விலைக்கும் நேரே விற்பேனா மாட்டேனா, வாங்குவேனா மாட்டேனா என்று குறிக்க வேண்டும். எல்லாப் படிவங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் சந்தை விலை தீர்மானமாகும். தனி ஒருவர் பிடிவாதம் பிடித்து விலையை ஏற்ற முடியாது.

கோப்பை யாருக்குப் போனது என்பது தற்செயல். அதனால் கோப்பையை விரும்புகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கையில் அது இல்லாமல் இருந்திருப்பார்கள். கணக்குப்படி சுமார் 11 கோப்பைகள் கைமாற வேண்டும். நான்கு சுற்று நடத்தினார்கள். கைமாறியவை 4, 1, 2, 2. விற்பவர்களை அவர்கள் சொன்ன விலை வரிசைப்படி நிறுத்தினால், நடுவில் நின்றவர் கேட்டது 5.25 டாலர். வாங்குபவர்களில் நடுவில் நின்றவர் தரத் தயாராக இருந்தது 2.25 முதல் 2.75 வரை.

ஒருவேளை அந்த மாணவர்கள் பழக்கதோஷத்தில் பேரம் பேசினார்களோ என்று தோன்றும். அதற்கும் பதில் இருக்கிறது. கோப்பைக்கு முன்னால் அதே மாணவர்களிடம் வெறும் டோக்கன்களைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் அதற்கு இவ்வளவு மதிப்பு என்று சொல்லி வியாபாரம் செய்யவிட்டார்கள். அங்கே கணக்குப் பிசகவில்லை. டோக்கனை யாரும் ‘என்னுடையது’ என்று நினைப்பதில்லை, இல்லையா?

கோப்பை கிடைத்தவர் ஒரு கோப்பை அளவுக்குப் பணக்காரர். மற்றவர் கைக்காசைப் போட வேண்டும். வித்தியாசம் அதனால் வந்திருக்கலாமே, மேடம் ஒருவர் வகுப்பில் அப்படித்தான் சொன்னார்.

நல்ல கேள்வி. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதற்குப் பதிலாக வந்ததுதான். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மூன்றாவதாக ஒரு குழுவைச் சேர்த்தார்கள். அவர்களிடம் கோப்பை இல்லை. ஒவ்வொரு விலையிலும் கோப்பை வேண்டுமா, அந்தப் பணம் வேண்டுமா என்று சொன்னால் போதும். யோசித்துப் பாருங்கள், விற்பவரின் நிலையும் அச்சு அசலாக இதுதான். இருவருமே கோப்பையோடு வீட்டுக்குப் போகலாம் அல்லது பணத்தோடு போகலாம். இரண்டு பேருக்கும் சொத்தில் வித்தியாசம் இல்லை.

விற்பவர்கள் 7.12 டாலர் கேட்டார்கள். தேர்வு செய்தவர்களுக்கு 3.12 போதுமாக இருந்தது. வாங்குபவர்கள் 2.87. ஆக, வாங்குபவரின் கஞ்சத்தனம் காரணம் இல்லை. கையில் இருப்பதை விட்டுக்கொடுக்கும்போது வருகிற தயக்கம்தான் காரணம். தேலர் 1980-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். தமிழில் உடைமை விளைவு என்கிறோம்.

பணமே இல்லாமல் இதைக் காட்ட முடியுமா?

முடியும். நெட்ச் 1989-ல் காட்டினார். ஒரு வகுப்புக்குக் கோப்பை, இன்னொன்றுக்கு 400 கிராம் சாக்லேட் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். இரண்டு வகுப்பிலும் பத்தில் ஒன்பது பேர் கிடைத்ததையே வைத்துக்கொண்டார்கள். எதையும் கொடுக்காமல் எது வேண்டும் என்று கேட்ட வகுப்பில் 56 சதவீதம் பேர் கோப்பையை எடுத்தார்கள்.

விற்பவர் மனதில் அப்படி என்னதான் ஓடுகிறது?

ஸிவ் கார்மன், டான் ஏரியலி இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆட்டத்துக்கு மாணவர்கள் கூடாரம் போட்டுக் காத்துக் கிடப்பார்கள். அப்புறமும் டிக்கெட் குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்தது சுமார் 170 டாலர். கிடைத்தவர்கள் கேட்டது சுமார் 2,400! நேற்றுவரை ஒரே வரிசையில் நின்றவர்கள் இவர்கள். கிடைத்தவர்கள் அந்த ஆட்டத்தின் அனுபவத்தைப் பற்றிப் பேசினார்கள், கிடைக்காதவர்கள் அந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று பேசினார்கள். இரு தரப்பும் எதை இழக்கப் போகிறோமோ அதையே பார்க்கிறது.

பிளாட், ஸைலர் ஆய்வு இதையெல்லாம் கவிழ்த்துவிட்டது என்று படித்தேன்.

கவிழ்க்கவில்லை, ஆனால் நன்றாக உலுக்கியது. 2005-ல் அவர்கள் விலை சொல்லும் முறையைப் பொறுமையாக விளக்கி, பணம் வைத்துப் பயிற்சிச் சுற்றுகள் நடத்தி, யார் என்ன சொன்னார் என்பது தெரியாதபடி செய்தார்கள். கோப்பையில் விற்பவர் விலைக்கும் வாங்குபவர் விலைக்கும் இருந்த இடைவெளி மறைந்தது. எனவே பழைய முடிவுகளில் ஒரு பங்கு, முறை புரியாததால் வந்தது என்பதை ஏற்க வேண்டும், நான் ஏற்கிறேன். ஆனால் 2011-ல் ஐசோனி, லூம்ஸ், சக்டன் மூவரும் அதே முறையைக் கையாண்டபோது கோப்பையில் மறைந்த இடைவெளி லாட்டரிச் சீட்டுகளில் அப்படியே நின்றது. விவாதம் முடியவில்லை.

நான் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். புத்தகத்தை விற்கும்போது எனக்கு எந்த வருத்தமும் வந்ததில்லையே அண்ணா?

வராது. உங்களுக்கு அது சரக்கு, போவதற்காகவே வந்தது. ஜான் லிஸ்ட் விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகள் விற்கும் சந்தையில் சோதித்து 2003-ல் எழுதினார். அனுபவப்பட்ட வியாபாரிகளிடம் இந்த விளைவு ஏறக்குறைய இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்கு யாராவது விலை கேட்கட்டும், அப்போது என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

இது மனித இயல்பா, பழக்கமா?

தான்சானியாவின் ஹட்ஸா வேட்டை மக்களிடம் சோதித்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. சந்தையிலிருந்து விலகி வாழ்ந்தவர்களில் பாதிப் பேர், கொடுத்த பொருளைத் தயங்காமல் மாற்றிக்கொண்டார்கள். வெளியாட்களோடு வியாபாரம் பழகியவர்களில் கால்வாசிப் பேர்தான் மாற்றினார்கள். அமெரிக்க மாணவர்களை மட்டும் பார்த்து ‘மனித இயல்பு’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எப்போதும் குறிப்பிடுகிறேன்.

அப்பாவின் ஸ்கூட்டரை விற்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். நான் அதிகம் சொல்கிறேனா?

கோப்பையா பணமா என்று தேர்வு செய்த அந்த மூன்றாவது குழுவின் கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். அதே வருட மாடல், அதே அளவு ஓடிய, முன்பின் தெரியாதவர் வண்டி ஒன்று உங்களுக்குக் கிடைக்கும், அல்லது பணம் கிடைக்கும். எவ்வளவு என்றால் பணத்தை எடுப்பீர்கள்? வாங்க வருபவரின் மனதில் இருப்பது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் விலை அதைவிட மிக அதிகம் என்றால், அந்த மிச்சம் அப்பாவுக்கான விலை. அதில் தவறே இல்லை. வைத்துக்கொள்ள இடமும் மனமும் இருந்தால், விற்காமலே இருக்கலாம்.