அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளாத ரயில்

கேள்வி: "மறைந்த அரசியல்வாதி ஒருவர் பொது ரயில் போக்குவரத்துக்காகச் செய்த வேலை இன்றும் நிலைத்து நிற்கிறதா? அப்படி உங்களுக்குத் தெரிந்தவர் யார்?"

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர் சிங்கப்பூரின் ஓங் டெங் சியோங். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். 1993 முதல் 1999 வரை அந்தப் பதவியில் இருந்தார். 2002 பிப்ரவரி 8 அன்று காலமானார். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய ஓங்கைப் பற்றி. 1978 முதல் 1983 வரை தொடர்பு அமைச்சராக இருந்துகொண்டு, இந்தத் தீவுக்கு ரயில் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற மனிதர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா பேருந்து ஓட்டுநர். அங் மோ கியோ குடியிருப்புப் பக்கம்தான் பெரும்பாலும் ஓட்டினார். அதனால் எங்கள் வீட்டில் இந்தக் கதையை எதிர்த்தரப்பிலிருந்து கேட்டுத்தான் வளர்ந்தேன். "பஸ்ஸே போதும்னு கோ கெங் சுவீ சொன்னாரு, கேட்டாங்களா?" என்பது அப்பாவின் பல்லவி.

கோ கெங் சுவீ யாரென்று தெரியாதவர்களுக்கு: அப்போதைய முதல் துணைப் பிரதமர். சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தைக் கட்டியவர் என்றே சொல்வார்கள். ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை அமைத்தபோது "கோவின் முட்டாள்தனம்" என்று ஊரே கேலி செய்தது; அப்புறம் அதே ஜூரோங் நாட்டுக்குச் சோறு போட்டது. காசு விஷயத்தில் மகா கறார். அப்படிப்பட்டவர் ரயில் வேண்டாம் என்றால் அமைச்சரவையில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

ஓங் பேசினார். அவர் எப்படிப் பேச முடிந்தது என்பதற்கு அவருடைய பழைய தொழிலைப் பார்க்க வேண்டும். அவர் கட்டடக் கலைஞர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் படித்தவர், பிறகு இங்கிலாந்தின் லிவர்பூலில் நகரத் திட்டமிடல் படித்தவர். 1967ல் அரசாங்கத்தின் திட்டத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு சிங்கப்பூரின் நீண்டகால வரைபடம் உருவானது அப்போதுதான். 1971ல் வந்த அந்தத் திட்டத்தில் தீவின் நடுவே நீர்ப்பிடிப்புக் காடு, அதைச் சுற்றி மாலைபோலப் புதிய நகரங்கள், அவற்றை இணைக்கும் ரயில் பாதைகள் எல்லாம் இருந்தன. அதாவது, அமைச்சராகி ரயில் கேட்பதற்குப் பல வருடம் முன்பே அந்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். அடுக்குமாடி வீடுகளை எங்கே கட்டப் போகிறோம், அங்கே எத்தனை குடும்பம் குடிவரும், காலையில் அத்தனை பேரும் எந்தப் பக்கம் கிளம்புவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

1970களில் ஆய்வுமேல் ஆய்வாக நடந்தது. ரயில் தேவை என்றே அவற்றைச் செய்த ஆலோசகர்கள் சொன்னார்கள். 1980ல் ஹார்வர்டிலிருந்து வந்த ஒரு நிபுணர் குழு மாற்றிச் சொன்னது: இவ்வளவு செலவு வேண்டாம், பேருந்துகளை ஒழுங்காகப் பெருக்கி, அவற்றுக்குச் சாலையில் முன்னுரிமை கொடுத்தால் குறைந்த காசில் சமாளிக்கலாம் என்கிற தொனியில். கோவுக்கு இது தேனாக இனித்தது. இந்த விவாதம் தொலைக்காட்சி வரைக்கும் வந்தது. அமைச்சரவைக்குள்ளே இருக்கும் கருத்து வேறுபாட்டை ஊருக்கு முன்னால் வைத்துப் பேசுவது சிங்கப்பூரில் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அப்பா அப்போதே பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஹார்வர்டு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களே பஸ்ஸுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்பது தெரியும். காப்பிக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

ஓங்கின் வாதம் எளிமையானது. பேருந்துக்குச் சாலை வேண்டும். சாலைக்கு நிலம் வேண்டும். இந்தத் தீவில் இல்லாத ஒரே பொருள் அதுதான். எவ்வளவு பேருந்து விட்டாலும் அவை அதே சாலையில் கார்களோடும் லாரிகளோடும் இடத்துக்கு அடித்துக்கொள்ளத்தான் வேண்டும். 1981ல் ஒரு விரிவான போக்குவரத்து ஆய்வு நடத்தினார்கள். பேருந்து மட்டும் என்றால் நகர மையத்துச் சாலைகள் தாங்காது என்ற முடிவே அதிலும் வந்தது. ஒரு ஓட்டுநரின் மகனாகச் சொல்கிறேன், இது அப்பாவுக்கும் தெரியும். சாயங்காலம் நகருக்குள் வண்டி ஊர்வதைப் பற்றி வீட்டில் அவர் புலம்பாத நாளில்லை. ஆனால் அந்தப் புலம்பலையும் கோவின் வாதத்தையும் ஒரே மூச்சில் வைத்துக்கொள்வதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

அப்புறம் காசு. இங்கேதான் ஓங் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டார் என்று நினைக்கிறேன். மதிப்பீடு 500 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதுவரை சிங்கப்பூர் கையில் எடுத்த திட்டங்களிலேயே மிகப் பெரியது. "முன்னேற்றம்", "பெருமை" என்றெல்லாம் பேசி அதை நியாயப்படுத்த அவர் முயலவில்லை. 1982 மே மாதம் முடிவை அறிவித்தபோது அவர் அழுத்திச் சொன்னது, கஷ்டப்பட்டுச் சேர்த்த கையிருப்பை வீணடித்து, பிள்ளைகள் தலையிலும் பேரப்பிள்ளைகள் தலையிலும் கடனைக் கட்டிவிட்டுப் போக யாருக்கும் விருப்பமில்லை என்பதை. அப்படி ஆகாது என்று உறுதியான பிறகுதான் இறங்குகிறோம் என்றார். கோ எதைக் கேட்பாரோ அதற்கு அவர் பாஷையிலேயே பதில்.

1983 அக்டோபரில் வேலை ஆரம்பித்தது. 1985ல் நாடு விடுதலைக்குப் பிறகான முதல் பொருளாதாரச் சரிவைச் சந்தித்தபோதும் தோண்டுவது நிற்கவில்லை.

ஒரு கிளைக்கதை. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் ரோட்டில், ஓவன் ரோடு முனையில், ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. தமிழர்கள் தினமும் நடமாடும் இடம் அது. 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மீட்க, பெருவிரைவு ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் தாங்களாக ஓடி வந்தார்கள். பெரிய இயந்திரங்களை மேலே நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கிவிடுவார்கள். அதனால் பக்கவாட்டில் சின்னச் சின்னச் சுரங்கமாகக் குடைந்து போனார்கள். மொத்தம் 17 பேர் உயிரோடு மீண்டார்கள். கட்டடம் விழுந்ததே ரயில் சுரங்கத்தால்தான் என்று ஆரம்பத்தில் ஊரில் பேச்சு. விசாரணையில் வெளிவந்த காரணம் வேறு: கட்டடத்தை வடிவமைத்தபோது அதன் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் அப்பா அந்த ரயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். "தோண்டத் தெரிஞ்ச ஆளுங்க" என்பார்.

1987 நவம்பர் 7. ரயில் முதன்முதலாக ஓடிய நாள். எனக்கு அப்போது பத்து வயது. இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான், பிராடல், தோ பாயோ. மொத்தமே ஐந்து நிலையம், ஆறு கிலோமீட்டர். தீவில் ஜனம் நெருக்கமாக இருந்த குடியிருப்புகளை நகரத்தோடு இணைக்கும் பாதை என்பதால் இதற்குத்தான் முதல் இடம். (ஓங் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கிம் கியட் தொகுதியும் தோ பாயோ பக்கம்தான். அப்பா இதைச் சொல்லாமல் விடுவாரா? ஆனால் பாதையை வரைபடத்தில் பார்க்கிற யாருக்கும் வேறு எங்கிருந்தும் ஆரம்பித்திருக்க முடியாது என்று புரியும்.) அம்மா என்னையும் தங்கையையும் அழைத்துப்போனார். சும்மா ஏறி, கடைசிவரை போய், திரும்பி வந்தோம். எங்களைப் போலவே போக ஒரு இடமும் இல்லாமல் ஏறியவர்கள்தான் பெட்டி முழுக்க. குளிர்சாதனக் காற்றும், எங்கள் புளோக் ஜன்னலுக்கு நேராக ரயில் போனதும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா அன்று வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். விடுப்பு நாள்தான் என்று அம்மா பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். 1990 ஜூலைக்குள் முதல் திட்டம் முழுதாக முடிந்துவிட்டது: 67 கிலோமீட்டர், 42 நிலையம், குறித்த காலத்துக்கு இரண்டு வருடம் முன்பாகவே. இன்று 200 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

ரயிலோடு ஒட்டி ஓடிய பேருந்துத் தடங்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அப்பாவின் தடமும் சுருங்கியது. முன்பெல்லாம் நகர மையம் வரை போய்வந்தவர், கடைசிச் சில வருடங்கள் குடியிருப்பைச் சுற்றி ஆட்களை ஏற்றி நிலையத்தில் இறக்கிவிடும் வண்டியைத்தான் ஓட்டினார். "ரயிலுக்கு ஆள் புடிச்சிக் குடுக்குற வேலை" என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே பேருந்தில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்த வயதானவர்கள் இப்போது இறங்கி, படியேறி, நின்றுகொண்டு போக வேண்டியிருந்தது. ரயிலைக் கொண்டாடுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2011 டிசம்பரில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பெரிய கோளாறு. ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்கத்துக்குள் மாட்டினார்கள், விசாரணைக் குழு அமைத்தார்கள். 2017ல் பீஷான் அருகே சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்தது. கட்டுவதில் காட்டிய அக்கறையைப் பராமரிப்பில் காட்டவில்லை என்ற விமர்சனம் சரியானது. ஆனால் அந்தக் கணக்கை 1982ல் கையெழுத்துப் போட்டவர் பேரில் எழுத முடியாது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் ரயிலுக்கு வெளியே இருக்கிறது. 1982ல் கையிருப்பை வீணடிக்க மாட்டோம் என்று சொல்லித் திட்டத்தைத் தொடங்கிவைத்த அதே ஆள், பதினோரு வருடம் கழித்து, நாட்டின் கையிருப்புக்குக் காவலாக அதிபர் நாற்காலியில் உட்காருகிறார். உட்கார்ந்ததும், சரி, எவ்வளவு இருக்கிறது, பட்டியல் கொடுங்கள் என்கிறார். அசையாச் சொத்துக்கெல்லாம் மதிப்புப் போட்டுப் பட்டியலிட ஒரு ஆளுக்கு 56 வருட வேலை பிடிக்கும் என்று அவருக்குப் பதில் வந்தது. விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். 1999ல் பதவி முடியும் நேரத்தில் செய்தியாளர்களைக் கூட்டி இதையெல்லாம் வெளிப்படையாகவும் சொன்னார். ரயில் விஷயத்தில் கோவிடம் காட்டிய அதே பிடிவாதம். முதல் தடவை அது அவருக்கு வெற்றி தந்தது, இரண்டாம் தடவை கசப்பு தந்தது. அவர் இறந்தபோது முழு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கவில்லை. அரசு உதவியோடு நடந்த சடங்குதான். அதைப் பற்றி இன்றும் ஊரில் முணுமுணுப்பு உண்டு.

அவர் பெயரில் ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. தொழிலாளர் தலைவர்களுக்கான பயிற்சிக் கழகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது, ஏனென்றால் பத்து வருடம் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராகவும் இருந்தவர். தலைவர்களுக்கான கிராஞ்சி மயானம் வேண்டாம், சாதாரண ஜனங்களின் அஸ்தி இருக்கிற மண்டாய் போதும் என்பது அவர் விருப்பம். அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பாட்டியின் சடங்குக்குப் பிறகு ஒருமுறை அப்பாவோடு மண்டாய் போயிருந்தேன். ஓங் இங்கேதான் இருக்கிறார் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார். பாதி வழி ரயிலில் வந்து, இறங்கி, மீதிக்குப் பேருந்து பிடித்து வந்திருந்தோம். மண்டாய் மயானத்துக்கு அருகில் ரயில் நிலையம் இல்லை. திரும்பும்போது நிறுத்தத்தில் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: "பாத்தியா? அவரைப் பாக்க வரணும்னாலும் பஸ்தான்."