மீட்டிங்கில் மௌனம், டீக்கடையில் முழக்கம்

கேள்வி: எங்கள் டீமில் ஆறு பேர். மீட்டிங் முடியும்போது மேனேஜர் "யாருக்காவது டவுட் இருக்கா?" என்று கேட்பார், ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். வெளியே டீக்கடைக்கு வந்ததும் அத்தனை குறையும் கொட்டும். நானும் அதில் ஒருவன்தான். என்ன செய்யலாம்? (வாசகர், ஓசூர்)

பதில்: நானும் ஒருவன்தான் என்று ஒப்புக்கொண்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

மௌனம் சம்மதம் என்பார்கள். கல்யாணப் பேச்சில்கூட அது சரிதானா என்று எனக்குச் சந்தேகம், வேலையிடத்தில் அது நிச்சயமாக ஆபத்து. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் நல்ல மூடுபனி. புறப்படத் தயாராக நின்ற, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தில் விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கிறவர். பக்கத்தில் இருந்த துணை விமானியை அந்த வகை விமானத்துக்குச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்தவரும் அவரே. கேப்டன் அவசரப்பட்டுக் கிளப்பப் பார்த்தபோது துணை விமானி "இன்னும் அனுமதி வரவில்லை" என்று ஒருமுறை தடுத்தார். இரண்டாம் முறையும் கேப்டன் டேக் ஆஃப் அனுமதி இல்லாமலே கிளம்பினார், இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானம் ஒன்றும் இருந்தது. கே.எல்.எம். விமானம் ஓட ஆரம்பித்த பிறகு அதன் ஃப்ளைட் எஞ்சினியர், "அந்தப் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவரும் அடங்கிவிட்டார். சில விநாடிகளில் இரண்டு ஜம்போ விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ரேடியோவில் குழப்பமான பேச்சு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சந்தேகம் வந்தவர் கேட்டார், பெரியவர் ஒரு வார்த்தை சொன்னதும் விட்டுவிட்டார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் சின்னவர் விடாமல் சொல்லவும் கேப்டன் காதுகொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்தது.

சரி, உங்கள் ஆறு பேருக்கு வருவோம். "டவுட் இருக்கா" என்ற கேள்விக்கு "இல்லை சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது, ஏனென்றால் இருக்கிறது என்பவன் புரியாதவன் ஆகிவிடுகிறான். "இந்த வேலை சொதப்பினால் எதனால் சொதப்பும்? ஆளுக்கு ஒன்று சீட்டில் எழுதுங்கள்" என்று அவர் கேட்கட்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் படிக்கட்டும், மேனேஜர் கடைசியில் பேசட்டும். இதை மீட்டிங்கில் வைத்து அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள், தனியாகப் போய்ச் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால், டீக்கடையில் புலம்புகிற நேரத்தில் ஒருவரிடம் பேசி வையுங்கள்: "நான் ஆரம்பிக்கிறேன், நீ 'எனக்கும் அதுதான் தோணுது'ன்னு சொல்லு." 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகளில், துணைக்கு ஒரே ஒரு ஆள் இருந்தாலே கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. அப்புறம், குறையாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள்: "சார், 14ஆம் தேதி கொடுக்கணும்னா டெஸ்டிங்குக்கு ரெண்டு நாள்தான் வருது, போதுமா?" இதற்கு யாரும் கோபப்பட முடியாது.

கேள்வி: அபார்ட்மெண்ட் பொங்கல் விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் 23 பேர். "யாராவது மைக் செட்காரரிடம் பேசிடுங்க" என்று போட்டேன். 19 கட்டைவிரல் வந்தது, மைக் செட் வரவில்லை! (வாசகி, மதுரை)

பதில்: தேர் வடம் பிடித்திருக்கிறீர்களா? நூறு கை வடத்தில் இருக்கும், எத்தனை கை இழுக்கிறது என்பது சாமிக்குத்தான் தெரியும். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்து 1913இல் வெளியிட்டார்: கயிறு இழுக்க ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கிற பலம் குறைகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் அதற்கு ஒரு காரணம். அந்தக் காரணத்தை ஒதுக்கிப் பார்க்க, 1979இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கத்தச் சொன்னார்கள். தனியாகக் கத்தும் சத்தம் 100 என்றால், கூட ஒருவர் கத்துவதாக நம்பியபோது 82, ஐந்து பேர் கத்துவதாக நம்பியபோது 74. உண்மையில் கூட ஒருவரும் கத்தவில்லை.

அதனால் "யாராவது" என்ற சொல்லைக் குரூப்பில் தடை செய்யுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வியாழன் இரவுக்குள் பேசிட்டு வாடகை எவ்வளவுன்னு இங்கே போடுங்க" என்று கேளுங்கள். கட்டைவிரலால் வாடகை சொல்ல முடியாது.

கேள்வி: புது ஐடியா வேண்டுமென்றால் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிடுகிறார் எங்கள் முதலாளி. பலன் இருக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நினைக்கிற அளவுக்கு இல்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், சேர்ந்து பேசிய நால்வரைவிடத் தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை தேறியது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். முதலில் தனியாக எழுதச் சொல்லுங்கள், அறையும் பஜ்ஜியும் அதற்கப்புறம் வரட்டும்.